நடை சொல்லும் செய்தி



கல்முனையிலிருந்து தெற்கு நோக்கி அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருந்தெருவில் காரைதீவையும் நிந்தவூரையும் ஒலுவிலையும் கடந்தபின் பாலமுனை வருகின்றது. கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். கரைவலை இழுப்போரும், சேற்றில் இறங்கி உழைப்போரும், வியாபாரஞ் செய்வோரும், அரச பணி புரிவோரும் கலந்து வாழும் ஊர் அது. காலையில் பாடசாலை தொடங்குமுன் அவ்வூர்த் தெருவோரத்திற் சிறிது நேரம் நிற்பவர், மனித நடை எத்தனை விதம் என்பதைக் கண்டுகொள்ளலாம். ஓடும் பிள்ளை, துள்ளும் பிள்ளை, புத்தகப் பையின் பாரத்தால் முன்னே சாய்ந்து செல்லும் பிள்ளை, பின்னே தங்கி மெல்ல வரும் பிள்ளை என்று எத்தனையோ பேர்.

அந்தக் கூட்டத்திற் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக் கொள்ளுங்கள். வயதுக்குச் சற்றுப் பருத்த உடல். வலது காலைச் சிறிது இழுத்து நடக்கின்றான். அந்தக் காலின் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கின்றது. “முழங்கால் நோகுது உம்மா” என்று வீட்டிற் சொல்லியிருக்கின்றான். “பந்தடிக்கப் போய் எங்கேயோ அடிபட்டிருக்கும் மகன், எண்ணெய் பூசினால் மாறிவிடும்” என்று தாயும் ஆறுதல் கூறியிருக்கின்றாள். எண்ணெய் பூசியாயிற்று. முழங்காலை எக்ஸ் கதிரிலும் படம் பிடித்தாயிற்று. முழங்காலில் ஒரு குறையும் இல்லை. மாதம் ஒன்று கழிந்தும் பையன் நொண்டுகின்றான். வீட்டார் அவனைச் சோம்பேறி என்கின்றனர். தோழர்கள் பழித்துக் காட்டுகின்றனர்.

இப்பையன் கற்பனைப் பையன். ஆனால் அவனுக்கு நேர்வது கற்பனையன்று. அவன் நோய் முழங்காலில் இல்லை. இடுப்பு மூட்டில் இருக்கின்றது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் செல்லும் நரம்புகள் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஆகையால், இடுப்பிற் பிறந்த நோவை மூளை சில வேளைகளில் முழங்காலின் நோவென்றே உணர்கின்றது. பிள்ளை பொய் சொல்லவில்லை. அவன் உடலே அவனை ஏமாற்றுகின்றது. அந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்கும் வழிகளே இடுப்புப் பரிசோதனைகள். கையும், கண்ணும், அளவுநாடா ஒன்றும், படுக்க ஒரு கட்டிலும் இருந்தால் அவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். அவை யாவை, எதனை அறிவிக்கின்றன, அவற்றை நாடுவதிற் காலந் தாழ்த்தினால் வரும் தீங்கு யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மூட்டின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். இடுப்பென்பு, உடம்பின் நடுவே வளையம் போல் அமைந்தது. அதன் பின்புறத்தில் முதுகந்தண்டின் அடிப்பகுதி ஆப்புப் போல் இறங்கி இருபுறமும் பொருந்துகின்றது. வளையத்தின் இரு பக்கங்களிலும் கிண்ணம் போன்ற ஒவ்வொரு குழி உண்டு. தொடையென்பின் மேல்முனை உருண்டையாக அமைந்து அந்தக் குழிக்குள் சுழல்கின்றது. உருண்டைத் தலைக்கும் நீண்ட தண்டுக்கும் இடையே ஒடுங்கிய கழுத்து ஒன்று உண்டு. தலைக்கு வேண்டிய இரத்தத்திற் பெரும்பங்கு அக்கழுத்தை ஒட்டி ஏறும் நுண்ணிய குழாய்கள் வழியாகவே செல்கின்றது. கழுத்து முறிந்தாலோ தலை இடம் பெயர்ந்தாலோ அக்குழாய்கள் அறுபடக் கூடும். இரத்தம் பெறாத தலை பட்டுப்போகக் கூடும். இடுப்பு மூட்டின் நோய்களில் காலந் தாழ்த்துதல் ஏன் பேராபத்து என்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

மேலும், இம்மூட்டு தடித்த தசைகளின் ஆழத்திற் புதைந்து கிடப்பது. முழங்கால் வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். கணுக்கால் வீங்கினால் செருப்புக் கூறிவிடும். இடுப்பு மூட்டு வீங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆதலால் வைத்தியர் அதனை நேரிற் காண முடியாமல், அதன் செய்கைகளால் அறிய வேண்டியவராகின்றார். நடக்கச் செய்து, நிற்கச் செய்து, படுக்கச் செய்து, மடக்கி, விரித்து, திருப்பிப் பார்த்து, மறைந்திருப்பதை வெளிக் கொணர்கின்றார்.

இவ்வகைப் பரிசோதனைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆங்கில நாட்டு என்பு மருத்துவ ஆசிரியர் கிரஹாம் அப்லி என்பவர், பார், தொடு, அசை என்னும் மூன்று படிகளாக அதனைக் கற்பித்தார். 1959 ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த அவருடைய பாடநூல் வழியாக அம்முறை உலகெங்கும் பரவிற்று. தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது அதன் முதற்பாடம். நோயாளி அறைக்குள் நுழையும் நடையிலேயே பரிசோதனை தொடங்கிவிடுகின்றது.

நொண்டுதல் என்று ஒரே சொல்லால் நாம் கூறினாலும் நொண்டும் வகைகள் பல. நோவுள்ள காலில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, சுடுமணலில் மிதித்தவன் போல் உடனே மறுகாலுக்குத் தாவுவது ஒரு வகை. காலடி வைக்குந்தோறும் உடலின் மேற்பகுதி ஒரு பக்கம் சாய்ந்து எழுவது மற்றொரு வகை. இரு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்து வாத்துப் போல் நடப்பது வேறொன்று. முதலாவது, நோவைச் சொல்கின்றது. பின்னிரண்டும் பெரும்பாலும் தசையின் தளர்ச்சியையோ மூட்டின் இடப்பெயர்ச்சியையோ சொல்கின்றன.

இச்சாய்வின் காரணத்தை விளக்கியவர் பிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் (1844–1924) என்னும் ஜேர்மானிய அறுவை வைத்தியர். பிறப்பிலேயே இடுப்பு மூட்டு விலகிய பிள்ளைகள் சாய்ந்து நடப்பதற்கு, தொடையென்பின் தலை மேலும் கீழும் வழுக்குவதே காரணம் என்று அவர் காலத்தவர் எண்ணியிருந்தனர். அவரோ அப்பிள்ளைகளின் முதுகுப்புறம் நின்று, ஒவ்வோர் அடியிலும் இடுப்பு வளையம் எவ்வாறு அசைகின்றது என்று உற்றுப் பார்த்தார். ஒரு காலில் நிற்கும்போது, அந்தக் காற்பக்கத்துப் பிட்டத் தசைகள் இடுப்பு வளையத்தை இழுத்துப் பிடித்து மட்டமாக வைத்திருக்க வேண்டும். அத்தசைகள் தளர்ந்தால், தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரிந்துவிடும் என்று கண்டார். 1895 ஆம் ஆண்டு அதனை வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பர் மாதத்திலேதான் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். உடலுக்குள்ளே பார்க்கும் கருவி வருவதற்கு முன்னரே, வெறுங் கண்ணால் உள்ளே பார்த்தவர் டிரெண்டலன்பர்க் எனலாம்.

அந்தப் பரிசோதனை மிக எளியது. நோயாளியை ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கச் சொல்லி, பின்னே இருந்து இடுப்பின் இரு மேடுகளையும் கவனிக்க வேண்டும். தூக்கிய காலின் பக்கம் சற்று உயர்ந்தோ மட்டமாகவோ நின்றால் நலம். தாழ்ந்தால், நிற்கும் காலின் பக்கத்தில் குறை உண்டு. தாழ்வது ஒரு பக்கம், குறை மறுபக்கம் என்பதை மறத்தலாகாது.

ஒற்றைக் காலில் நிற்பது இத்துணைப் பெரிய காரியமா என்று கேட்கலாம். கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். நடுக்காலில் ஊன்றிய மரத்தின் ஒரு முனை நீளம்; மறுமுனை குறுகல். நீண்ட முனையில் தொங்கும் பாரத்தைக் குறுகிய முனையிலிருந்து சமன் செய்ய வேண்டுமானால் பாரத்தைவிடப் பன்மடங்கு எடை வேண்டும். இடுப்பிலும் அவ்வாறே. உடலின் பாரம் நீண்ட புறத்தில். தசையின் இழுப்புக் குறுகிய புறத்தில். ஆகவே ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த ஒரு மூட்டின்மீது உடல் நிறையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகின்றது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் நாம் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்பவர்களே. நெல் மூட்டை சுமந்து வரம்பில் நடக்கும் உழவனின் இடுப்பு எவ்வளவு தாங்குகின்றது என்பதை இதிலிருந்து கணித்துக் கொள்ளலாம்.

இளம்பிள்ளைவாதத்தால் இத்தசைகள் மெலிந்து சாய்ந்து நடந்தோர் கீழ்க்கரை ஊர்களிலும் முன்பு இருந்தனர். தடுப்பு மருந்தின் பயனாக 1993 ஆம் ஆண்டுக்குப் பின் இலங்கையில் அந்நோய் தோன்றவில்லை. இன்று ஒரு பிள்ளை சாய்ந்து நடந்தால் அதற்கு வேறு காரணம் தேடியாக வேண்டும்.

நின்று பார்க்கும் பரிசோதனைக்குப் பின், படுக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனை. அதனோடு இணைந்த பெயர் ஹியூ ஓவன் தோமஸ் (1834–1891). இவருடைய வரலாறு நம் நாட்டவர் அறிய வேண்டியது. வேல்ஸ் தேசத்து ஆங்கில்சித் தீவிலே, தலைமுறை தலைமுறையாக என்பு முறிவு கட்டி வந்த குடும்பத்திற் பிறந்தவர் அவர். பத்துப் போட்டு, சிம்பு வைத்து, துணி சுற்றி முறிவு கட்டும் நம் ஊர்ப் பரிகாரிமாரைப் போன்றவர்களே அவருடைய முன்னோர். தந்தையார் எவன் தோமஸ் லிவர்பூல் நகரிற் பெயர் பெற்றிருந்தாலும், பட்டம் பெறாதவர் என்று வைத்தியர்கள் அவரை வழக்குகளுக்கு இழுத்தனர். அதனால் அவர் தம் புதல்வர் ஐவரையும் முறையாக வைத்தியம் பயிலச் செய்தார். ஹியூ ஓவன் எடின்பரோவிலும் லண்டனிலும் கற்று, 1857 ஆம் ஆண்டு தகுதி பெற்று, லிவர்பூலில் ஏழைகளின் வைத்தியராக வாழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பணம் பெறாமலே நோயாளரைப் பார்த்தார். பாட்டன்மாரின் கைப்பழக்கமும் கல்லூரியின் கல்வியும் அவரிடத்தில் ஒன்றுபட்டன.

அவர் காலத்தில் இடுப்பு மூட்டைத் தாக்கும் காசநோய் பிள்ளைகளிடையே மிகுதியாயிருந்தது. நோயுற்ற மூட்டு மெல்ல மெல்ல மடங்கியே நின்றுவிடும். ஆனால் பிள்ளையைப் படுக்க வைத்தால் கால் நேராகக் கிடப்பது போலத் தோன்றும். இம்மாயம் எவ்வாறு? நிமிராத மூட்டுக்கு ஈடாக முதுகு வில்லாக வளைந்து கொள்கின்றது. மூட்டின் குறையை முதுகு மறைக்கின்றது. தோமஸ் செய்ததென்ன? நோயற்ற காலை நன்றாக மடக்கி, முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடித்தார். அப்போது முதுகின் வளைவு நீங்கி, முதுகு கட்டிலோடு படியும். முதுகுக்கும் கட்டிலுக்கும் இடையில் வைத்த கையால் அதனை உணரலாம். முதுகின் உதவி நீங்கவே, நோயுற்ற தொடை தானாகக் கட்டிலைவிட்டு மேலெழும். எவ்வளவு எழுகின்றதோ அவ்வளவே அதன் மறைந்த மடக்கம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளின் நோய்களைப் பற்றி 1875 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலில் இம்முறை இடம் பெற்றது. இன்றும் மருத்துவ மாணவர் கற்கும் முதற் பரிசோதனைகளுள் அஃதொன்று.

இதிலே ஒரு படிப்பினை உண்டு. ஓர் உறுப்பின் குறையை மற்றோர் உறுப்பு மறைத்துத் தாங்குவது உடலின் இயல்பு. தாங்கும் உறுப்பும் நாளடைவிற் களைத்துவிடும். முதுகு நோவென்று வருவோரிற் சிலருக்கு உண்மையான நோய் இடுப்பு மூட்டில் இருப்பதற்கும், இடுப்பு நோவென்று வருவோரிற் சிலருக்கு முதுகந்தண்டில் இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது அளவுநாடா. ஒரு கால் மறுகாலினும் கட்டையா என்று அறிய, இடுப்பின் முன்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் என்பு முனையிலிருந்து கணுக்காலின் உட்புற மேடு வரை அளக்கின்றனர். இது மெய்யான நீளம். கொப்பூழிலிருந்து அதே மேடு வரை அளப்பது தோற்ற நீளம். மெய் நீளம் இரு காலிலும் சமமாயிருந்து தோற்ற நீளம் வேறுபட்டால், கால் கட்டையானதன்று. இடுப்பு வளையமே சாய்ந்துள்ளது என்பது பெறப்படும். தையற்காரரின் நாடாவைக் கொண்டு இவ்வளவு நுட்பமான உண்மையை அறிய முடிகின்றது.

இனி, மூட்டைத் திருப்பிப் பார்த்தல். இடுப்பு மூட்டின் தேய்வில் பெரும்பாலும் முதலிற் குறைவது உட்புறமாகத் திரும்பும் அசைவு. சம்மணமிட்டு அமர்தல், குந்தியிருத்தல், கால் கழுவக் குனிதல் ஆகியன பின்னர் ஒவ்வொன்றாகக் கடினமாகும். கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் இதனைப் பள்ளிவாசலிலே காணலாம். ஐவேளைத் தொழுகையிலே குனிதலும், நெற்றி நிலத்திற் படச் சுஜூது செய்தலும், மடித்த காலில் அமர்தலும் உண்டு. இவையெல்லாம் இடுப்பு மூட்டின் முழு அசைவையும் வேண்டுவன. இத்தனை ஆண்டும் முன்வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் ஒருநாள் கதிரையைத் தேடுகின்றார். இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கின்றது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் “வயது போய்விட்டது” என்று அவரும் ஊராரும் அமைதி அடைந்துவிடுதல் சரியன்று. ஏன் அமர முடியவில்லை என்ற கேள்வியை வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

அங்கே செய்யப்படும் பரிசோதனை ஒன்று ஏறத்தாழப் பாதிச் சம்மணமே. மல்லாந்து படுத்தவரின் ஒரு காலை மடித்து, அதன் குதியை மறுகாலின் முழங்காலுக்கு மேல் வைத்து, மடித்த முழங்காலை மெல்லக் கீழே அழுத்துகின்றனர். சிக்காகோ நகரத்து நரம்பு வைத்தியர் ஹியூ டல்பொட் பட்ரிக் 1917 ஆம் ஆண்டு இதனை எடுத்துரைத்தார். அழுத்தும்போது அரைப்பகுதியில், அதாவது தொடை உடலோடு சேரும் முன்மடிப்பில் நோவு தோன்றினால், ஐயம் இடுப்பு மூட்டின் மேல் விழுகின்றது. பின்புறத்தில் ஒரு பக்கமாகத் தோன்றினால், முதுகடி இடுப்பென்போடு பொருந்தும் மூட்டின் மேல் விழுகின்றது. எனினும் அப்பின்மூட்டின் நோயை ஒரே பரிசோதனையாற் துணிவதில்லை. இடுப்பை அழுத்தியும் விரித்தும், தொடை வழியே தள்ளியும் பார்த்து, மூன்று சோதனைகளாவது ஒரே பதிலைத் தந்தால்தான் அதனைப் பொருட்படுத்துகின்றனர். ஒரு சாட்சி சொல்வதைக் கொண்டு தீர்ப்பளிக்காத நீதிபதியின் செயல் போன்றது இது.

பிறந்த குழந்தையிடம் சென்றால் பரிசோதனை இன்னும் மென்மையாகின்றது. சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மூட்டின் தலை கிண்ணத்திற் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். பெண் குழந்தைகளிடத்தும், கால் முன்னாகக் கருவில் இருந்த குழந்தைகளிடத்தும், குடும்பத்தில் முன்பே இக்குறை இருந்தவர்களிடத்தும் இது மிகுதி. 1937 ஆம் ஆண்டு இத்தாலியக் குழந்தை வைத்தியர் மரினோ ஓர்த்தலானி இதனை அறியும் வழியை விளக்கினார். குழந்தையின் முழங்கால்களை மடித்துத் தொடைகளை மெல்ல விரிக்கும்போது, விலகியிருந்த தலை கிண்ணத்துள் மீளும். அவ்வாறு மீளும் அசைவு விரல் நுனிக்குத் தெரியும். 1962 ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த பார்லோ, இடத்தில் இருந்தாலும் உறுதியற்ற மூட்டை அறியும் மற்றொரு முறையைச் சேர்த்தார். உறுதியற்றனவாகக் காணப்படும் மூட்டுகளில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை முதல் வாரத்திலும், நூற்றுக்கு 88 இரண்டு மாதங்களிலும் தாமாகவே உறுதி பெறுவதை அவர் கண்டார். எஞ்சியவற்றை அடையாளம் கண்டு, காலை விரித்துத் தாங்கும் பட்டிகளால் முதல் மாதங்களிலேயே சீர் செய்தால் அறுவை தேவைப்படாமலே போகலாம். கண்டுபிடிக்கத் தவறினால் அப்பிள்ளை நடக்கத் தொடங்கும்போதுதான் குறை வெளிப்படும். அப்போது வைத்தியம் கடினமாகிவிடும்.

இப்பரிசோதனைகள் பயின்ற கைக்கே உரியவை. தாய்மார் தாமே செய்து பார்க்கலாகாது. தாய் கவனிக்க வேண்டியவை வேறு. துணி மாற்றும்போது ஒரு தொடை மறு தொடையைப் போல் விரியவில்லையா? முழங்கால்களை மடித்து வைத்தால் ஒன்று தாழ்ந்து நிற்கின்றதா? இவற்றை வீட்டுக்கு வரும் மருத்துவ மாதிடம் சொல்ல வேண்டும். குழந்தையின் கால்களை நேராக நீட்டி இறுகச் சுற்றிக் கட்டும் வழக்கமும் தீது. ஜப்பானிலே இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு 1975 ஆம் ஆண்டு தொடங்கிய பிரசாரத்தின் பின், முன்பு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றரை வரையிருந்த இக்குறை நூற்றுக்கு 0.2 இற்குங் கீழே இறங்கிற்று. நம் தாய்மார் பிள்ளையை இரு காலும் விரிய இடுப்பில் வைத்துச் சுமக்கும் பழக்கமோ மூட்டுக்கு நலம் பயப்பது. பழைய பழக்கமெல்லாம் தீதுமன்று, எல்லாம் நன்றுமன்று. ஆராய்ந்து கொள்ளல் வேண்டும்.

முதியோரிடத்தில் நோய் வேறு உருவில் வருகின்றது. கிணற்றடியிலோ குளியலறையிலோ மூத்தம்மா வழுக்கி விழுகின்றார். எழ முடியவில்லை. விழுந்த பக்கத்துக் கால் கட்டையாகி, பாதம் வெளியே சாய்ந்து கிடக்கின்றது. இந்த ஒரு தோற்றமே தொடையென்பின் கழுத்து முறிந்திருக்கலாம் என்பதை அறிவிக்கப் போதும். சிலருக்கு முறிந்த துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகி நின்று, இரண்டடி நடக்கவும் முடியும். அதனை நம்பி ஏமாறலாகாது. எண்ணெய் தேய்த்தும், இழுத்து நிமிர்த்தியும் பார்க்காமல், காலை அசையாது தாங்கி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். உடல்நிலை இடந்தந்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்து எழுந்து அமரச் செய்வதே இக்காலத்து முறை. வாரக்கணக்கிற் படுக்கையில் கிடப்பது நுரையீரற் சளியையும் படுக்கைப் புண்ணையும் கொணரும். முறிவு கொல்லாத முதியவரைப் படுக்கை கொன்றுவிடுதல் உண்டு.

தெரு விபத்தும் அவ்வாறே. மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டவரின் இடுப்பு வளையம் முறிந்திருந்தால் உள்ளே பெருங்குருதிப் போக்கு இருக்கலாம். இடுப்பை இருபுறமும் அமுக்கி ஆட்டிப் பார்ப்பது முற்காலத்து வழக்கம். உறைந்து அடைத்து நிற்கும் குருதிக் கட்டியை அது குலைத்துவிடும் என்பதால் இன்று அது விலக்கப்பட்டுள்ளது. தூக்கிக் குலுக்கி முச்சக்கர வண்டியில் மடித்து ஏற்றுவதும் அதே தீங்கைச் செய்யும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை நாடுவதே நன்று. செய்யாமல் விடுவதும் ஒரு மருத்துவ அறிவே.

இவ்விடத்தில் ஒரு தடையையும் கூற வேண்டும். இடுப்பைக் காட்டுதல் பலருக்குக் கூச்சம். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கு மிகுதி. நோவை ஆண்டுக்கணக்கில் அடக்கிக் கொண்டு வீட்டு வேலை செய்யும் பெண்கள் பலர். ஆனால் மேலே கூறிய பரிசோதனைகளுட் பெரும்பாலானவற்றைத் தளர்ந்த ஆடையோடும் போர்வையோடும் செய்ய முடியும். உடன் ஒரு பெண் துணை இருக்கக் கேட்பது நோயாளியின் உரிமை. ஒவ்வோர் அசைவுக்கும் முன்னே “இன்னது செய்யப் போகின்றேன், நொந்தால் சொல்லுங்கள் தங்கச்சி” என்று கூறித் தொடங்குதல் நல்ல வைத்தியரின் இலக்கணம். முகத்தைப் பார்த்துக் கொண்டே காலை அசைப்பவருக்குத்தான் நோவு எங்கே தொடங்குகின்றது என்பது தெரியும்.

பரிசோதனைகள் பிழையாதன என்றும் எண்ணலாகாது. அவை ஐயத்தை எழுப்புகின்றன. எக்ஸ் கதிரும், குழந்தைகளுக்கு ஒலியலைப் படமும், வேண்டுமிடத்துக் காந்தப் படமும் அதனை உறுதி செய்கின்றன. ஆனால் எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்று கருவி தானே அறியாது. அதனைச் சொல்ல வேண்டியது கை. நம் கற்பனைப் பையனுக்கு முழங்காற் படம் எடுத்தார்களே, அங்கே பிழைத்தது கருவியன்று. முதலிற் செய்திருக்க வேண்டிய பரிசோதனை செய்யப்படவில்லை.

அந்தப் பையனிடம் மீண்டும் செல்வோம். அவனை மல்லாந்து படுக்க வைத்து, வலது தொடையை மெல்ல வயிற்றை நோக்கி மடக்குகின்றார் ஒரு வைத்தியர். தொடை நேரே வர வேண்டும்; வரவில்லை. மடக்க மடக்க அது வெளிப்பக்கமாகத் திரும்பிக் கொண்டு போகின்றது. உட்புறம் திருப்ப முயன்றால் நோகின்றது. இக்குறியை ஜேர்மானியர் டிரேமனின் பெயரால் வழங்குவர். அதன் பொருள் யாது? வளரும் வயதில் தொடையென்பின் தலைக்கும் கழுத்துக்கும் இடையே வளர்ச்சிக் குருத்து உண்டு. அதன் பிடி தளர்ந்து, காம்பிலிருந்து அகப்பைச் சிரட்டை நழுவுவது போலத் தலை கழுத்திலிருந்து நழுவிக் கொண்டிருக்கின்றது. மெல்ல நழுவும் நிலையிற் கண்டால், ஒரு திருகாணியாற் பொருத்தி நிறுத்தலாம். காணாது விட்டால், ஒரு துள்ளலிலோ ஒரு வீழ்ச்சியிலோ அது முற்றும் கழன்று, இரத்தக் குழாய் அறுந்து, பதின்மூன்று வயதிலேயே மூட்டுப் பட்டுப்போகக் கூடும். ஆகவே ஐயம் தோன்றிய அந்தக் கணத்திலிருந்தே அவன் அந்தக் காலை ஊன்றலாகாது. அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். மறு இடுப்பையும் பார்த்தல் வேண்டும்.

வேறு வயதுகளில் வேறு நோய்கள். நான்கு முதல் எட்டு வயதுக்குள் நொண்டும் பிள்ளைக்கு, தலைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து அது மெலியும் நோய் இருக்கலாம். சில நாளில் மாறும் சிறு வீக்கமாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு ஒரு குழந்தை காலை அசைக்க விடாமல் அழுதால், மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அது நாளைக்கென்று ஒத்திப் போடத்தக்கதன்று.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாகத் தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றில் நடைபெறுகின்றது. மேற்கூறிய மூட்டு நழுவல் தோன்றும் வயதோ பெரும்பாலும் ஏழாம் தரத்துக்கும் பத்தாம் தரத்துக்கும் இடைப்பட்டது. அந்த மூன்றாண்டில் அப்பிள்ளையை நாள்தோறும் பார்ப்பவர் யார்? வாயிலில் நிற்கும் ஆசிரியர். விளையாட்டுத் திடலின் பயிற்றுநர். பாண் வாங்க அனுப்பிய தாய். பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லும் வாப்பா. அவர்கள் எவரும் வைத்தியம் கற்றவரல்லர். கற்கவும் வேண்டியதில்லை. “இந்தப் பிள்ளை நேற்று இப்படி நடக்கவில்லையே” என்று நினைக்கும் ஒரு கணம் போதும். முழங்கால் நோகுது என்ற பிள்ளையை வைத்தியரிடம் காட்டும்போது, “இடுப்பையும் ஒருமுறை பாருங்கள் டொக்டர்” என்று கேட்கும் துணிவு போதும்.

பாலமுனையின் பிரதேச வைத்தியசாலை கூப்பிடு தூரத்தில் உள்ளது. அதற்கு மேலான கவனிப்பு வேண்டின் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் பெரிய வைத்தியசாலைகள் உள்ளன. வழி தொலைவன்று. தொலைவாயிருப்பது, “பார்ப்போம், தானாக மாறும்” என்று நாம் நமக்குள்ளே சொல்லிக் கொள்ளும் அந்தச் சிறு சொல்லே. நாளைக் காலை தெருவிற் பிள்ளைகள் நடந்து செல்லும்போது, யாரேனும் ஒருவர் சற்று நின்று அவர்களின் நடையைக் கவனிப்பாராயின், காலை இழுத்து வரும் அந்தப் பையனுக்கு இன்னும் அறுபது ஆண்டு நேராக நடக்கும் வாழ்வு கிடைக்கலாம்.